தைத்த தசைநாணும் அசைவின் காலமும்

விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. அவற்றின் இழுவிசையை விரலெலும்புகளுக்குக் கொண்டு செல்வன தசைநாண்கள் எனப்படும் வெண்ணிறக் கயிறுகளாகும். கத்தியோ கண்ணாடித் துண்டோ விரலின் உட்புறத்தை ஆழமாக வெட்டி இவற்றை அறுத்துவிடின், தசை நன்னிலையில் இருந்தும் விரல் மடங்காது. அறுந்த முனைகளைத் தைத்து இணைத்தல் சத்திரசிகிச்சை வைத்தியரின் பணி. ஆயின், தைத்த விரலை எப்பொழுது அசைப்பது என்னும் வினாவும் அவ்விரலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது.

இவ்வினா எளிதன்று. விரலினுள்ளே நாணானது ஒடுங்கிய உறையொன்றினூடே வழுக்கிச் செல்கின்றது. விரலை அசையாது வைத்தால், புண் ஆறுங்கால் தோன்றும் வடு நாணை உறையோடு ஒட்டிவிடும். நாண் பொருந்தியும் விரல் விறைத்து நிற்கும். மிகையாக அசைத்தாலோ தையல் அறும். இவ்விடர்ப்பாடு கருதியே, உள்ளங்கையின் மேற்பாகந் தொடங்கி விரலின் நடுப்பாகம் வரையுள்ள பகுதியை அமெரிக்க வைத்தியர் ஸ்ரேர்லிங் பனெல் 'எவருக்கும் உரிமையற்ற நிலம்' என்னும் கருத்தமைந்த பெயரால் வழங்கினார். அங்கு நாணை உடனே தையாது, தோலை மட்டும் மூடி, பின்னர் வேறொரு நாணை எடுத்துப் பொருத்துவதே நன்றென்பது அவர் கொள்கை.

1941இல் மேசன், அலன் என்னும் இருவர் நாய்களின் தசைநாண்களை ஆராய்ந்து, தைத்த முதற் சில நாட்களில் இணைப்பின் வலிமை குன்றிப் பின்னரே மெல்ல வளர்கின்றது எனக் கண்டனர். ஆகவே, சில வார ஓய்வே தக்கதெனப் பலரும் கருதினர். 1967இல் லூயிவில் நகரத்துக் கிளைனேட்டும் அவர்தம் துணைவரும் வேறொரு வழியை வெளியிட்டனர். விரல் நுனியிற் பூட்டிய இறப்பர் வளையம் விரலை மடக்கும். நோயாளி அதனை எதிர்த்து விரலை நிமிர்த்துவார். இவ்வாறு, தசை இழுக்காமலே தைத்த நாண் உறையினுள் வழுக்கும். 1975இல் டியூரான், ஹவுசர் என்போர், 3 முதல் 5 மில்லிமீற்றர் வழுக்கமே ஒட்டுதலைத் தடுக்கப் போதுமானது என எடுத்துரைத்தனர்.

அசைவின் நன்மை இம்மட்டோ? அன்று. 1982இல் கெல்பமன் குழுவினர் நாய்களிற் செய்த பரிசோதனையில், அளவறிந்து அசைக்கப்பட்ட நாண்கள் அசையாதிருந்தவற்றிலும் வலிமையுற்றன. நன்றாக வழுக்கவுஞ் செய்தன. நாணின் சொந்தக் கலங்களுக்கே காயத்தை ஆற்றும் ஆற்றல் உண்டு. மெல்லிய இழுவிசை அக்கலங்களைத் தூண்ட, அவை ஆக்கும் கொலாசன் நார்கள் இழுவையின் திசையிலே ஒழுங்குபடுகின்றன. ஆகவே, அசைவு மருந்துக்குப் பின் வருவதன்று. அதுவும் ஒரு மருந்தே.

மருந்தாதலின் அதற்கு அளவும் வேளையும் உண்டு. நான்கு அல்லது ஆறு இழைகளால் உறுதியாகத் தைக்கும் இக்காலத்தே, வீக்கம் சற்றுத் தணியும் 3 முதல் 5ஆம் நாளளவிற் பலரும் பயிற்சியைத் தொடங்குவிக்கின்றனர். ஏறத்தாழ 6 வாரங்கள் சிம்பு கையைக் காக்கும். பாரந் தூக்குதற்கும் இறுகப் பற்றுதற்கும் பெரும்பாலும் 12 வாரங்கள் பொறுத்தல் வேண்டும். இது விரல் நாணுக்குரிய கணக்கு. தோள் முதலிய பிற இடத்து நாண்களுக்கு வேறு கணக்குண்டு.

தையலில் நேரும் தவறு வைத்தியருடையது. காலத்தில் நேரும் தவறோ பெரும்பாலும் நோயாளியினுடையது. அச்சத்தால் அசையாதிருப்பவன் விறைத்த விரலைப் பெறுகின்றான். நோவு தீர்ந்ததெனச் சிம்பைக் கழற்றி வாளி தூக்குபவன் தைத்த நாணையே இழக்கின்றான். புறத்தே புண் ஆறிய பின்னரும் அகத்தே நாண் ஆறிக்கொண்டிருக்கின்றது என்பதை அறிந்து நடப்பவனுக்கே கை மீண்டும் கையாகும்.