குளிர்க் கடலோர வீடுகளில் கற்காரைப் பணி: உறைநீரும் உப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில், சிறப்பாக மெய்ன் மாநிலக் கரையில், வீடுகளுக்கு வார்க்கப்படும் கற்காரை எவ்வாறு சிதைகிறது என்பதையும், அதனைத் தடுக்கும் முறைகள் எவ்வறிவியல் அடிப்படையில் அமைந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. நீர் உறையும்போது விரிவதே சிதைவுக்குக் காரணம் என்னும் பரவலான விளக்கம் போதுமானதன்று. நீரின் இடப்பெயர்ச்சியே மண்ணிலும் கற்காரையிலும் முதன்மையானது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கற்காரை, உறைவெழுச்சி, காற்றேற்றம், செதிலுரிவு, குளோரைடு, வீட்டு அடித்தளம்.

முன்னுரை

தமிழில் ‘பனி’ என்னும் ஒரு சொல் காலைத் துளியையும், மூடுபனியையும், வானிலிருந்து பொழியும் வெண்பொழிவையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுதுகளைப் பகுத்த மரபு, மண்ணுக்குள் நீர் பாறைபோல் இறுகும் நிலையைத் தனிச்சொல்லால் சுட்ட வேண்டிய தேவையைப் பெற்றிருக்கவில்லை. ஆகவே குளிர்நாட்டுக் கட்டுமானத்தைத் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது சொற்சிக்கலே. உறையும் மண் மேலெழுவதை ‘உறைவெழுச்சி’ எனவும், கற்காரையில் நுண்குமிழிகளை வேண்டுமென்றே உண்டாக்குவதைக் ‘காற்றேற்றம்’ எனவும், மேற்பரப்பு ஏடேடாகப் பெயர்வதைச் ‘செதிலுரிவு’ எனவும் இக்கட்டுரை வழங்குகிறது. கான்கிரீட் என்னும் வழக்குச்சொல்லுக்கு ஈடாகப் பாடநூல்களில் நிலைபெற்றுள்ள ‘கற்காரை’ என்பதே இங்கு ஆளப்படுகிறது.

கடலோரக் குளிரை உள்நாட்டுக் குளிரைவிட மென்மையானது என எண்ணுவது இயல்பு. வெப்பமானியை மட்டும் நோக்கினால் அது சரியே. ஆயின் கற்காரையைச் சிதைப்பது குளிரின் கடுமை மட்டுமன்று. உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ்வதே பெரிதும் சிதைக்கிறது. உள்நாட்டில் மார்கழி தொட்டு இறுகிக் கிடக்கும் தரை, கடற்காற்று வீசும் கரையோரத்தில் பகலில் இளகி இரவில் மீண்டும் உறைகிறது. அதனுடன் ஈரமும் உப்பும் சேர்கின்றன. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவதே இந்நிலப்பகுதியின் தனித்தன்மை.

மண்ணின் எழுச்சி

மெய்ன் கரையோர நகரங்களில் வீட்டின் அடித்தளத்தை நிலமட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 4 அடி ஆழத்தில் அமைப்பது வழக்கம். உறைவு அவ்வாழம் வரை இறங்கக்கூடும் என்பதே இதன் அடிப்படை. உறைந்த மண் ஏன் கட்டடத்தைத் தூக்குகிறது என்னும் வினாவிற்கு, நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்னும் விடையே நெடுங்காலம் போதுமானதாகக் கொள்ளப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் இவ்விடை தளர்ந்துவிடுகிறது. மண்ணின் கனவளவில் ஐந்தில் இரண்டு பங்கு நீரே என்று கொண்டாலும், ஓரடி ஆழ மண் உறைவதால் அரை அங்குல எழுச்சிகூடத் தோன்றாது. களத்தில் காணப்படும் எழுச்சியோ அதனினும் பன்மடங்கு.

இம்முரணைத் தீர்த்தவர் தென் கரோலினாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர். குளிர் மிகாத மாநிலமொன்றில் இருந்துகொண்டு உறைவெழுச்சியின் இலக்கணத்தை வகுத்தவர் என்பது சுவையான செய்தி. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் வெளியான தம் ஆய்வுகளில், உறையும்போது விரியாமல் சுருங்கும் பென்சீனால் மண்ணை நனைத்து உறையவைத்தார். அம்மண்ணும் மேலெழுந்தது. எனவே எழுச்சிக்குக் காரணம் இருந்த நீரின் விரிவன்று. கீழிருந்து நுண்துளை வழியே உறைமுகத்தை நோக்கி நீர் ஈர்க்கப்பட்டு, வில்லை வில்லையாகப் பனிக்கட்டி வளர்வதே என்பது நிறுவப்பட்டது.

இக்கண்டுபிடிப்பின் நடைமுறைப் பயன் பெரிது. எழுச்சி நிகழ உறைநிலைக் குளிர், நீர் வரத்து, நீரை ஈர்க்கவும் கடத்தவும் வல்ல நுண்மண் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்றை நீக்கினால் எழுச்சி நின்றுவிடும். பருமணலிலும் சரளையிலும் நீர் மேலேறாது. வண்டல் துகள்களில் ஈர்ப்பும் கடத்தலும் ஒருங்கே வாய்ப்பதால் அதுவே மிகக் கெடுதியானது. மெய்ன் கரையின் பெரும்பகுதியில் பனியாறுகள் பின்வாங்கிய காலத்துக் கடலடியில் படிந்த, பிரெசம்ப்ஸ்காட் படிவு எனப்படும் வண்டல் கலந்த களிமண் காணப்படுகிறது. ஆகவேதான் அங்கு அடித்தளத்தைச் சுற்றிச் சரளை நிரப்புவதும் துளையிட்ட வடிகுழாய் பதிப்பதும், ஆழம் தோண்டுவதற்கு ஒப்பான இன்றியமையாமை பெறுகின்றன.

ஆழம் மட்டும் காப்பாகாது என்பதற்கு வீட்டு முன்றில்களின் தூண்களே சான்று. அடிப்பாகம் உறைவாழத்திற்குக் கீழே இருப்பினும், பக்கத்து மண் தூணின் புறத்தை இறுகப் பற்றிக்கொண்டு மேலெழும்போது தூணையும் உடன் தூக்கிவிடுகிறது. சொரசொரப்பான குழியில் நேரடியாக வார்க்கப்பட்ட தூண் இப்பிடிக்கு எளிதில் ஆட்படும். வழுவழுப்பான உருளை அச்சில் வார்த்து, அடியை அகலமாக்கி, சுற்றிலும் சரளை இடுவதே இதற்கு மாற்று. கட்டி முடியாத வீடும் இத்தகைய இடருக்குரியதே. சூடேற்றப்படாத நிலவறையின் தரை வழியாகக் குளிர் இறங்கி, உள்ளிருந்து அடித்தளத்தின் கீழே சென்றுவிடும். வெளிப்புறம் எத்தனை ஆழமாயினும் அப்போது பயனில்லை. நார்வே, சுவீடன் ஆகிய நாடுகள் இவ்வுண்மையையே மறுதலையாகப் பயன்படுத்தின. வீட்டின் வெப்பம் மண்ணில் தங்குமாறு அடித்தள விளிம்பைச் சுற்றி வெப்பக்காப்புப் பலகைகளைக் கிடத்தி, ஆழங்குறைந்த அடித்தளங்களை அவை பேரளவில் அமைத்துள்ளன.

வார்ப்பினுள் காற்று

கற்காரையின் உள்ளும் இதே கதை வேறு அளவில் நிகழ்கிறது. நல்ல கற்காரை என்பது இடைவெளியற்றுச் செறிந்தது என்பதே வெப்பநாட்டில் பயின்றோர் பெறும் முதற்பாடம். குளிர்நாட்டிலோ அக்கற்காரையில் காற்றை வேண்டுமென்றே புகுத்த வேண்டியுள்ளது. 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் குளிரைத் தாங்கி நின்றதன் காரணத்தைத் தேடியபோது, சிமெண்ட் அரைக்கையில் துணைப்பொருளாகச் சேர்ந்த விலங்குக் கொழுப்பு நுண்குமிழிகளை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. தற்செயலாய்க் கிடைத்த இவ்வறிவே இன்று காற்றேற்றக் கலவைப்பொருள்களாக வளர்ந்துள்ளது.

இதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தவர் டி. சி. பவர்ஸ். 1945இல் அவர் முன்வைத்த கருதுகோளின்படி, துளைகளில் பனிக்கட்டி தோன்றும்போது மிகுநீர் வெளித்தள்ளப்படுகிறது. அது செல்லும் வழி நீண்டதாயின் அழுத்தம் மிகுந்து காரை பிளக்கிறது. அருகில் காற்றுக்குமிழி இருப்பின் நீர் அதனுள் புகுந்து அழுத்தம் தணியும். ஆகவே குமிழிகளின் மொத்த அளவைவிட, அவற்றிற்கு இடைப்பட்ட தொலைவே முதன்மையானது. காரையின் எப்புள்ளியிலிருந்தும் ஒரு குமிழி ஏறத்தாழ 0.20 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட வரம்பு. பின்னர் 1953இல் ஹெல்முத்துடன் செய்த ஆய்வில், உறையும் காரையில் நீர் பனிக்கட்டியை விட்டு விலகுவதற்கு மாறாக அதனை நோக்கியே ஈர்க்கப்படுவதைக் கண்டு, தம் முந்தைய விளக்கத்தைத் தாமே திருத்திக்கொண்டார். காற்றேற்றப்பட்ட காரை உறையும்போது சுருங்குவதும் அவ்வாய்வில் புலப்பட்டது. 1974இல் போதுவான், மக்கினிஸ் ஆகியோர் பென்சீனால் நிறைந்த சிமெண்டுக் காரையும் உறையும்போது விரிவதைக் காட்டினர். டேபர் மண்ணில் கண்டதைக் கற்காரையிலும் கண்டமை இவ்விரு துறைகளையும் இணைக்கும் பாலமாகும். ஆனால் கட்டுமானக் கையேடுகள் பலவும் இன்றளவும் 9 விழுக்காட்டுடனேயே நின்றுவிடுகின்றன.

அமெரிக்காவில் வழங்கும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, கடுங்குளிர்ப் பகுதிகளில் வானிலைக்கு ஆட்படும் வீட்டுக் கற்காரையின் காற்றளவு 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்கிறது. காற்றுக்கு விலையுண்டு. ஒவ்வொரு விழுக்காடு காற்றும் வலிமையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் குறைக்கும். அதனை ஈடுசெய்ய நீர்–சிமெண்டு விகிதத்தைத் தாழ்த்த வேண்டும். களத்தில் வழக்கமாக அளக்கப்படுவது மொத்தக் காற்றளவே. குமிழி இடைத்தொலைவு பொதுவாக இறுகிய கற்காரையைத் தேய்த்து மெருகிட்டு நுண்ணோக்கியில் நோக்கியே அறியப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது.

உப்பின் பங்கு

கடலோர வீட்டிற்கு உப்பு இருவழியாக வருகிறது: ஒன்று காற்று கொணரும் கடல் துவலை, மற்றொன்று சாலையில் பனி உருகத் தூவும் உப்பு. இரண்டாவதன் விளைவை வண்டிக்கூடத்தின் தரையில் தெளிவாகக் காணலாம். வண்டியின் அடியில் ஒட்டிய உப்புப்பனி இரவெல்லாம் சொட்டிச் சக்கரங்களின் கீழே தேங்குகிறது. வாசலில் ஒருபோதும் உப்புத் தூவாதவர் வீட்டிலும் அவ்விடம் செதிலாக உரிகிறது.

வெர்பெக், கிளீகர் ஆகியோர் 1957இல் வெளியிட்ட ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது. செதிலுரிவு மிகுவது அடர்ந்த உப்புநீரில் அன்று. ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு கரைசலிலேயே. உப்புக்கு மாறாக யூரியாவும் ஆல்ககாலும் பயன்படுத்தியபோதும் அதே போக்கு தென்பட்டமையால், இது பெரிதும் இயற்பியல் நிகழ்வே என்பது உறுதியாயிற்று. கடல்நீரின் உப்பளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடு என்பதை இங்கு நினைத்தல் தகும்.

இரும்புக் கம்பி உள்ள இடத்தில் வேதியியல் இடரும் சேர்கிறது. கற்காரையின் மிகுந்த காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை நிலைநிறுத்துகிறது. குளோரைடு அப்படலத்தைக் குலைக்க, துரு பன்மடங்கு இடம் கொண்டு மேற்காரையைப் பிளக்கிறது. காற்றேற்றம் இதற்கு மருந்தன்று; தாழ்ந்த நீர்–சிமெண்டு விகிதமும் போதிய மூடுதடிமனும் இதனைத் தாமதப்படுத்தும். உறைவுக்கும் உப்புக்கும் ஒருங்கே ஆட்படும் கற்காரைக்கு அமெரிக்கக் கற்காரைக் கழகத்தின் 318 எண் விதித்தொகுப்பு 0.40 விகிதத்தையும் சதுர அங்குலத்திற்கு 5000 பவுண்டு வலிமையையும் விதிக்கிறது. குடியிருப்பு விதித்தொகுப்போ கடுங்குளிர்ப் பகுதியின் வாசற்படிக்கும் வண்டிக்கூடத் தரைக்கும் 3500 பவுண்டுடன் அமைகிறது. பின்னது சிறுமம் மட்டுமே. கரையை ஒட்டிய வீட்டில் இவ்விரு இடங்களுக்கேனும் முன்னதைப் பின்பற்றுவதே தக்கது எனக் கட்டுரையாளர் கருதுகிறார். வீட்டின் மொத்தச் செலவில் அவ்வேறுபாடு சிறிது.

வார்க்கும் நாள்

ஆய்வகத்தில் வகுத்த விகிதம் வீட்டு வாயிலில் குலைவது பெரும்பாலும் ஒரு வாளி நீரால். கனமீட்டருக்கு 350 கிலோகிராம் சிமெண்டு கொண்ட கலவையில் 0.45 விகிதத்திற்கு 157.5 லிட்டர் நீர் போதும். இளக்கம் வேண்டி 15 லிட்டர் கூடுதலாக ஊற்றினால் விகிதம் 0.49 ஆகிவிடும்.

மேற்பரப்பை மெருகிடும் வேளை இன்னும் நுட்பமானது. காற்றேற்றிய கற்காரையில் மேலே ஊறும் நீர் மெதுவாகவே வெளிப்படும். குளிர்காற்றில் முகப்பு காய்ந்ததுபோல் தோன்ற, கொத்தர் முந்திக்கொண்டு தேய்த்தால், ஊறிவரும் நீர் மேலேட்டின் கீழே அடைபடுகிறது. ஊறிய நீரையே தேய்த்து உட்செலுத்துவதும், அதனை உறிஞ்சச் சிமெண்டுப் பொடி தூவுவதும் அதனினும் தீங்கானவை. எஃகுக் கரணையால் பளபளப்பாக்குவது மேற்பரப்புக் காற்றையும் வெளியேற்றிவிடும். வெளிப்புறத் தளங்களை மட்டப்பலகையால் சமன்செய்து துடைப்பத்தால் வரியிட்டு விடுவதன் காரணம் வழுக்காமை மட்டுமன்று.

வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும் என எதிர்பார்த்தால் அந்நாள் குளிர்காலப் பணிக்குரியதாகக் கொள்ளப்படும். புதுக்கற்காரை 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டும் முன் ஒருமுறை உறைந்தாலும் அக்கேடு நீங்காது. 10 பாகையில் காக்கப்பட்டால் ஏறத்தாழ இரண்டாம் நாளில் அவ்வலிமை வாய்க்கும்; நீரேற்ற வினையே துளைநீரைச் செலவிட்டு, நிறைவின் எல்லைக்குக் கீழே கொணர்ந்துவிடும். காப்புப் போர்வை இதற்குப் போதும். புகைபோக்கியற்ற அடுப்பை மூடிய கூடாரத்தில் வைப்பதோ, கரியமில வாயுவால் இளங்காரையின் முகத்தை மாவாக உதிரச் செய்யும். விரைந்து இறுக கால்சியம் குளோரைடு சேர்ப்பது மலிவான வழியே. ஆனால் கம்பியிட்ட கடலோர வார்ப்பில் அது, தடுக்க வேண்டிய பகைவனைக் கலவையிலேயே குடியேற்றுவதாகும்.

முதற் குளிர்காலம்

3.5 மெகாபாஸ்கல் என்பது ஒருமுறை உறைதலைத் தாங்கும் அளவே. நீர் நிறைந்த நிலையில் மீண்டும் மீண்டும் உறைந்து உருகுவதைத் தாங்க ஏறத்தாழ 24 மெகாபாஸ்கல் வேண்டும். உலைக்கசடும் எரிசாம்பலும் கலந்த கற்காரை குளோரைடு ஊடுருவலை நன்கு தடுப்பினும், குளிரில் வலிமை பெறுவது மெதுவாகவே. ஐப்பசியில் அத்தகைய வாசற்படியை வார்த்து மார்கழியில் உப்பிடுவது முதிராத பொருளைச் சோதனைக்கு உட்படுத்துவதாகும். அக்கலவையை இளவேனிலிலோ கோடையிலோ வார்த்து, ஈரங்காத்துப் பதப்படுத்தி, பின்னர் சில வாரம் உலரவிட்டுச் சைலேன் வகைப் பூச்சு பூசுவது நல்லது; அப்பூச்சு நீரை விலக்கும், உள்ளிருக்கும் ஆவியை வெளியேற விடும். பருவம் தவறி வார்க்க நேர்ந்த வீட்டில், முதற் குளிர்காலம் முழுவதும் பனியை உடனுக்குடன் வாரி அகற்றி, வழுக்கும் இடங்களில் உப்பின்றி மணலைத் தூவி வருகின்றனர்.