சொட்டுக் கணக்கு

அப்பாவின் புல்லட் பெட்டியில் ஸ்பேனர்களோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருக்கும். பக்கம்தோறும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஐந்து பத்தி பிரித்திருப்பார்: தேதி, கிலோமீட்டர், ஆயில், செய்த வேலை, சொட்டு. ஆயில் மாற்றிய அன்று இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரிப்பார். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகளை எண்ணிக் கடைசிப் பத்தியில் எழுதுவார். 1986இல் தொடங்கும் அந்தக் கணக்கு 3, 5, 2, 7, 1 என்று போகிறது. சுழியம் அபூர்வம்.

இன்று என் வீட்டு வாசலில் நிற்பதும் புல்லட்தான். 2023இல் வந்த புதிய எஞ்சின். அதன் அடியில் தரை காய்ந்தே கிடக்கிறது. அப்பாவின் வண்டியில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. என் வண்டியில் அவை 72, 85.8, 349. எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்ரோல் டாங்கின் மேல் எழுதியிருக்கும் பெயரிலும் இல்லை. வித்தியாசம் முழுவதும் அந்தக் கடைசிப் பத்தியில்தான்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு அதைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை பிறகு மூடப்பட்டது. திருவொற்றியூர் அதே எஞ்சினை அரை நூற்றாண்டு தொடர்ந்து செய்தது. எனவே அப்பா 1986இல் வாங்கிய வண்டிக்குள் இருந்தது ஐம்பதுகளின் எஞ்சின். அது சொட்டியது ஓர் ஆலையின் குறையல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றுக்கும் அது பொதுவான இயல்பு.

அந்த எஞ்சினுக்கு மூன்று அறைகள், மூன்று எண்ணெய்கள். எஞ்சினுக்கு 20டபிள்யூ40, இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். இடப்பக்கச் செயின்கேஸுக்குத் தனியாக அரை லிட்டருக்கும் குறைவாக. பின்னால் தனியே நிற்கும் கியர்பாக்ஸுக்குக் கெட்டியான கியர் ஆயில். அப்பா அட்டையை வைத்தே நோய் சொல்வார். நடுவில் கறுப்பாக விழுந்தால் எஞ்சின், இடப்பக்கம் பழுப்பாக விழுந்தால் செயின்கேஸ், பின்னால் பிசுபிசுப்பாக விழுந்தால் கியர்பாக்ஸ். வண்டியைத் தொடுவதற்கு முன்பே எந்த ஸ்பேனரை எடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கசிவுக்குக் காரணங்கள் இருந்தன. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வண்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு சற்று அசைந்து கொடுக்கும். ஒற்றைப் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அடியறைக் காற்றை அழுத்தும். அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர் குழாய். அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் மற்ற இணைப்புகளில் வழி தேடும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். பேக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்த பலருக்கு, மாற்ற வேண்டியது அந்தக் குழாயின் சிறு ரப்பரைத்தான் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

இன்னொன்று, நின்ற வண்டியில் அளவு பார்ப்பது. ஆயில் டாங்கு எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே இருந்தது. வண்டி பல நாள் சும்மா நின்றால் டாங்கில் உள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து அடியறைக்குப் போய்விடும். குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். குறைந்துவிட்டது என்று மேலே ஊற்றினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்ப் பழைய எண்ணெயையும் திருப்பி அனுப்பும். மிகுந்தது வெளியே வழியும். வண்டியை ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, அதன் பிறகே அளவு பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் முதல் விதி.

ஆயில் மாற்றுவதற்கு அவர் ஞாயிற்றுக்கிழமை காலையைத்தான் வைத்துக்கொள்வார். வண்டியைக் கடைத்தெரு வரை ஒரு சுற்று ஓட்டி வந்து, முற்றத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கீழே பழைய அலுமினியப் பேசின், பக்கத்தில் ஒரு பிடி பனியன் வேஸ்ட். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் அதன் செம்பு வாஷரை இடுக்கியில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். பலமுறை இறுக்கியதில் விறைத்துப்போன செம்பு, காய்ச்சினால் மறுபடி மெதுவாகும். மெதுவாக இருந்தால்தான் போல்ட்டுக்கு அடியில் நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒரே வாஷர் இப்படிப் பல ஆண்டுகள் உழைத்தது.

பேக்கிங் கிடைக்காத நாளில் அதையும் வீட்டிலேயே வெட்டுவார். கெட்டிக் காகிதத்தை மூடியின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போவார். விளிம்பின் கூர்மையே காகிதத்தை வெட்டும். மூடி வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் எமரித் தாளை விரித்து, எட்டுப் போட்டுத் தேய்ப்பார். ஒரு மூடிக்கு ஒரு மணி நேரமும் ஆகும்.

செயின்கேஸ் மூடியைப் பிடித்திருந்தது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு. சுற்றிலும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். பன்னிரண்டு வயதில் அப்பா பார்க்காத நேரம் அதில் ஒரு சொட்டைக் கண்டு, நானே ஸ்பேனரை எடுத்து என் பலம் முழுவதையும் காட்டினேன். மறுநாள் அட்டையில் ஒன்பது. மூடி நடுவில் அமுங்கி, விளிம்பு ரப்பரை விட்டு விலகியிருந்தது. அப்பா கோபப்படவில்லை. நட்டைத் தளர்த்தி, ரப்பரை மாற்றி, என் கையை ஸ்பேனரின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்து முறுக்கினார். "முறுக்கினா நிக்காதுடா. உக்காரணும்," என்றார். எங்கே நிறுத்தினார் என்பது இன்றும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அலுமினிய வார்ப்பில் எஃகு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும் என்பதையும், மரை போன துளைக்குப் பட்டறைக்காரர்தான் வழி செய்ய வேண்டும் என்பதையும் பின்னால் கற்றேன். கசிவை நிறுத்தப் போய் நாமே உண்டாக்கும் கசிவுகள்தான் அதிகம்.

2008க்குப் பிறகு வந்த எஞ்சின்களில் எஞ்சினும் கிளட்சும் கியரும் ஒரே கூட்டுக்குள் வந்தன. மூன்று அறைகளின் இடத்தில் ஒன்று, மூன்று எண்ணெய்களின் இடத்தில் ஒன்று. இணைப்புகள் குறைந்தன, கசியும் வாய்களும் குறைந்தன. எண்ணெய்க்கு மட்டும் வேலை கூடியது. என் வண்டியின் 15டபிள்யூ50 செமி சிந்தெடிக், பிஸ்டனையும் கியரையும் கிளட்சையும் ஒருசேரக் காக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயிலை இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அதற்காகவே ஜப்பானியர் 1998இல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரத்தை வகுத்தார்கள். டப்பாவில் எம்ஏ2 என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். அன்று அப்பா பார்த்தது டப்பாவின் சீல் உடைபடாமல் இருக்கிறதா என்பதை.

வேலையும் சுருங்கிவிட்டது. வண்டியைச் சூடாக்கி, போல்ட்டைக் கழற்றி, வடிய விடுகிறேன். வாஷரைக் காய்ச்சுவதில்லை; ஒவ்வொரு முறையும் புதியது போடுகிறேன். வடிகட்டி மூடியின் ஓ ரிங்கையும் அப்படியே. பழைய ஓ ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டால் எந்த நவீன எஞ்சினும் கொட்டும். எனவே பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மூடுவதில்லை. டிரெயின் போல்ட்டை முதலில் கையாலேயே சுற்றி, மரை நேராகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையேட்டில் தந்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குகிறேன். அளவு வந்ததும் அது 'டக்' என்று ஒலி எழுப்பும். அப்பாவின் மணிக்கட்டு சொன்னதை இப்போது அந்த ஒலி சொல்கிறது. பிறகு எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, நிறுத்திப் பொறுத்து, வண்டியை நிமிர்த்திக் கண்ணாடி வழியாக அளவு பார்க்கிறேன். அப்பாவின் முதல் விதி மட்டும் மாறவில்லை.

அப்பா 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார். என் வண்டிக்குக் கையேடு சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. 30,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அவர் பத்து முறை வண்டிக்கு அடியில் குனிந்திருப்பார். நான் மூன்று முறை. அந்தப் பத்து முறையிலும் ஆயிலோடு சேர்த்து பிரேக் கம்பியையும் ஸ்போக்கையும் செயினையும் அவர் பார்த்திருப்பார். எனக்கு மிச்சமானது ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். குறைந்துபோனது ஏழு பார்வைகள்.

வடித்த எண்ணெயின் போக்கும் மாறிவிட்டது. அன்று அது கதவுக் கீலுக்கும் மாட்டுவண்டி அச்சுக்கும் போனது, கரையான் அரிக்கும் வேலிக்காலில் பூசப்பட்டது. மிஞ்சியது கொல்லை மண்ணில். எதையும் வீணாக்காத சிக்கனம் அது என்றுதான் நினைத்திருந்தோம். கிணறு அங்கிருந்து இருபது அடி தள்ளி இருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, ஆயில் தயாரிப்பவர்கள் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. நான் வடித்ததைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கொடுக்கிறேன். இந்த ஒன்றில் அன்றைக்காக ஏங்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணுக்கு இது நல்ல காலம்.

அப்பாவின் புல்லட் பின்கட்டில் சாக்கு மூடி நிற்கிறது. அவருக்கு இப்போது கிக்கரை மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நோட்டில் பக்கங்கள் மிச்சம் இருந்ததால் என் வண்டிக்கும் அதையே வைத்துக்கொண்டேன். முதல்முறை ஆயில் மாற்றிய அன்றே ஐந்து பத்திகளையும் நிரப்பி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்து வந்தவர், கடைசிப் பத்தியில் என் சுழியத்தைப் பார்த்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"அட்டை எங்கேடா?"

புது வண்டி, சொட்டாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் அந்தச் சுழியத்தை அடித்துவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்தேன். காலையில் குனிந்து, டார்ச் அடித்து, ஓரம் வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. போல்ட்டின் அடியைப் பனியன் துணியால் ஒற்றி எடுத்தேன். துணியும் வெள்ளையாகவே இருந்தது. அடித்ததன் பக்கத்திலேயே மறுபடி ஒரு சுழியம் போட்டேன். அது எண்ணிப் பார்த்து எழுதியது.