பாட்டியாரின் அஞ்சலட்டைகள்

சென்ற மாதம் தமது 91ஆம் பிராயத்தில் காலமான என் பாட்டியாரை மாதுங்காவிலுள்ள அன்பர்கள் பலர் அறிவர். 1954இல் மணமாகி, திருநெல்வேலியிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து, ஜட்காவில் சென்டிரல் சேர்ந்து, பம்பாய்க்கு ரயிலேறியவர். (ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கே அவ்வழியை நூறு முறை ஒப்புவித்திருப்பார்!)

அவருக்கு எழுத்தறிவு கிடையாது. ஆயினும் பேரக் குழந்தைகள் தமிழ் எழுதக் கற்றது அவராலேயே. ஞாயிறுதோறும் ஊரிலிருந்த தம் தங்கைக்கு அவர் சொல்லச் சொல்ல நாங்கள் அஞ்சலட்டை எழுத வேண்டும். பின்பு படித்துக் காட்ட வேண்டும். நாக்குத் தடுமாறினால் வேறோர் அட்டை!

2021இல் அத்தங்கை மறைந்தார். பாட்டியாரின் இருதய நோயை எண்ணி அதனை ஒளித்தோம். பதில்களை நானே புனைந்து வாசித்தேன். மூன்றாவதைக் கேட்டதும், “ஏலே, மருமகளைக் குறை சொல்லாம அவ ஒரு கடுதாசியும் போட்டதில்லையே!” என்றார். வேறெதுவும் வினவவில்லை. நான் தலை நிமிரவுமில்லை.

மறு ஞாயிறன்றும் அட்டை கேட்டார். முகவரி மட்டும் நாகபுரியிலிருக்கும் என் தமக்கை மகளுக்கு. பதில் அவள் கைப்படவே வர வேண்டுமாம். வந்தது. ‘பாட்டி’யில் புள்ளி விடுபட்டு, ‘பாடடி’ என்றிருந்தது. இருந்தவாறே வாசித்தேன்.

“இந்த வயசில பாட வேறயா!” என்று நகைத்தார்.