ஃபைலை ஓபன் செய்யலாம், கம்ப்யூட்டரை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளிலேயே சந்திக்கும் ஆங்கில வினைச்சொற்களில் ஒன்று ‘ஓபன்’. எளிய சொல்தானே என்று தோன்றும். ஆனால், ஆங்கிலம் கற்கும் தாய்லாந்து நாட்டினரை இது அடிக்கடி தடுமாற வைக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் பயன் உண்டு.

தாய்லாந்து மொழியில் ‘பெர்த்’ என்றால் திற. கதவு, கடை, ஃபைல் எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். விளக்கைப் போடுவதற்கும், கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கும்கூட இதுவே! இதன் எதிர்ச்சொல் ‘பித்’. மூடுவது, அணைப்பது இரண்டையும் அது குறிக்கும். எனவே ஆங்கிலம் பேசும்போது ‘ஓபன் த லைட்’, ‘க்ளோஸ் த கம்ப்யூட்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில், மூடியிருப்பதைத் திறப்பதுதான் ‘ஓபன்’. மின்சாரத்தில் இயங்கும் சாதனங்களுக்கு ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’ என்றே சொல்ல வேண்டும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? ஹார்ட்வேர் கையேடு ஒன்றில் கம்ப்யூட்டரை ‘ஓபன்’ செய்யுமாறு எழுதியிருந்தால், ஸ்குரூக்களைக் கழற்றி கேபினட்டைத் திறக்க வேண்டும் என்று பொருள். அதற்கு முன்பே பவர் கேபிளை எடுத்துவிட வேண்டும். ‘பெர்த்’ என்ற நினைப்பில் ஒருவர் அதை ‘ஆன் செய்’ என்று புரிந்துகொண்டால், நேர் எதிரான வேலை நடந்துவிடும். மின்சாரத்தில் ‘ஓபன் சர்க்யூட்’ என்பதும் இணைப்பு விட்டுப்போய் மின்சாரம் பாயாத நிலைதான்.

நமக்கும் இதே சிக்கல் உண்டு. குழாயைத் ‘திற’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டர்ன் ஆன் த டேப்’ என்பதே வழக்கம்.

‘க்ளோஸ்’ விஷயத்திலும் கவனம் தேவை. அதை கிளிக் செய்தால் அந்த ஃபைலோ விண்டோவோ மட்டும்தான் மூடும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பின் மூடியை மூடினாலும் அது பெரும்பாலும் ‘ஸ்லீப்’ நிலைக்குத்தான் செல்லும். பேட்டரி தீர்ந்துவிட்டால், சேவ் செய்யாத வேலை போய்விடலாம்.

நினைவில் வைக்க:

* ஃபைல், ஃபோல்டர், புரோகிராம்: ஓபன், க்ளோஸ்.
* மானிட்டர், பிரிண்டர், விளக்கு: டர்ன் ஆன், டர்ன் ஆஃப்.
* கம்ப்யூட்டர்: தொடங்க டர்ன் ஆன், வேலை முடிந்ததும் சேவ் செய்துவிட்டு ஷட் டவுன்.