தாங்கி திறந்தால் மட்டும் போதாது



கிராமத்து மக்களே நடத்தும் குடிநீர்த் திட்டங்களைக் கவனிக்க அரசாங்கம் 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்தை அமைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் புதுக் குழாய் போட்டு, தாங்கி திறந்த அன்றோடு மேற்பார்வை நின்றுவிடக் கூடாது. லயத்துப் பீலிவரை, வருசா வருசம் தொடர வேண்டும் என்கிறோம்.

ஏன்? அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014இல் ஆற்றுநீருக்கு மாறியது. குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் தண்ணீரில் கலந்தது. குறையில்லை என்றே அதிகாரிகள் சொன்னார்கள். தாய்மார் விடாமல் கேட்டதால் 2015இல் உண்மை வெளிவந்தது.

நாமும் கேட்போம். 100 மில்லிலீட்டர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீர் மாதிரி எடுக்கச் செய்வோம். முடிவை மடுவத்தில் ஒட்டச் சொல்வோம். அதுவரை கொதிக்கவைத்து ஆறிய தண்ணியையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.