மீன்களின் வெண்புள்ளி நோய்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. நாங்குநேரி போன்ற ஊர்களிலும் வீட்டு முன்கட்டிலும் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் பொன்மீன்கள் நீந்துவதைக் காணலாம். இவ்வாறு மீன் வளர்ப்போர் பலரும் என்றேனும் ஒருநாள் சந்திக்க நேரும் நோய் ஒன்றுண்டு. முதல்நாள் வரை பளபளவென்றிருந்த மீனின் உடலிலும் துடுப்பிலும், உப்புத் தூளைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அவை மறைந்துவிடும். நோய் நீங்கிற்று என்று வளர்ப்பவர் மகிழ்வார். ஆனால் அடுத்த சில நாட்களுக்குள் தொட்டியிலுள்ள மீன்கள் யாவற்றின்மீதும் புள்ளிகள் நிறைந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக அவை மடியத் தொடங்கும். புள்ளி மறையும் வேளையே பேராபத்து நிறைந்த வேளை என்பதை அறியாமையால் நேரும் இழப்பு இது. அஃது ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இந்நோயை உண்டாக்குவது ஓரணு உயிர் ஒன்று. அதன் உடலெங்கும் மெல்லிய மயிரிழைகள் அசைந்துகொண்டிருக்கும். 1876-ஆம் ஆண்டில் ஃபூக்கே என்பவர் இதனை விவரித்து, 'இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்கமும் இலத்தீனும் கலந்த அப்பெயருக்கு, 'பல மக்களைப் பெற்ற மீன் பேன்' என்பது பொருள். பேன் என்பது உவமையே. இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் 'பல மக்களைப் பெற்ற' என்னும் அடைமொழி முற்றும் பொருந்துவது. அதன் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும்.

இவ்வுயிரின் வாழ்வில் மூன்று பருவங்கள் உண்டு. முதற்பருவத்தில் அது மீனின் மேல்தோலைத் துளைத்து உட்புகுந்து, அத்தோலின் அடியிலேயே தங்கி, மீனின் உயிரணுக்களை உண்டு வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. நன்கு வளர்ந்த புள்ளி ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்கும். இரண்டாம் பருவத்தில் அது மீனைவிட்டு வெளியேறி, தொட்டியின் அடிமணலிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசைபோன்றதோர் உறையை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறைக்குள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்துகொண்டே செல்கிறது. பத்து முறை இவ்வாறு இரட்டித்தால் ஆயிரத்தைக் கடக்கும் அன்றோ? ஒரே உறையிலிருந்து நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரம் வரையிலும் குஞ்சுயிர்கள் வெளிப்படும். இவை நீரில் நீந்தி மீனைத் தேடுவது மூன்றாம் பருவம். ஓரிரு நாட்களுக்குள் மீன் கிட்டாவிடில் இவை மடிந்துபோகும்.

இம்மூன்றில் நாம் எளிதில் அழிக்கக்கூடியது எது? தோலுக்கடியில் இருக்கும் பருவத்தை நீரில் இடும் மருந்து எட்டாது. மீனின் தோலே அதற்குக் கவசமாக அமைகிறது. உறைக்குள் இருப்பதற்கோ உறை காவல். நீந்தித் திரியும் குஞ்சுப் பருவம் ஒன்றே பாதுகாப்பற்றது. ஆனால் அதுதான் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மருந்து தொடாது. மருந்து தொடுவதைக் கண் காணாது. இந்நோயைப் பற்றி அறியவேண்டிய தலையாய செய்தி இதுவே. புள்ளிகள் மறைந்தன என்றால், அவ்வுயிர்கள் ஆயிரமாயிரமாய்ப் பெருகுவதற்காக மீனைவிட்டு இறங்கியுள்ளன என்பதே பொருள். அந்நேரத்தில் சிகிச்சையை நிறுத்துவது, பகைவன் படை திரட்டும்போது கோட்டைக் கதவைத் திறந்துவைப்பது போலாகும்.

வெப்பநிலைக்கும் இவ்வாழ்க்கைச் சுழலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ஒரு சுழல் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும். 10 பாகையில் ஒரு மாதத்திற்கும் மேலாகும். நம் வட்டாரத்தில் வேனிற்காலத்தில் தொட்டி நீர் 30 பாகையை எட்டுவதுண்டு. அவ்வெப்பத்தில் இவ்வுயிர் நன்கு பெருகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் வந்து நீர் திடீரெனக் குளிரும்போது மீன்களின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புது மீன் வாங்கிவந்த சில நாட்களிலும் இத்தளர்ச்சி உண்டு. ஆகவே இவ்விரு வேளைகளிலும் விழிப்பு மிகுதியாக வேண்டும்.

நோயை எவ்வாறு அடையாளம் காண்பது? புள்ளி தோன்றுவதற்கு முன்பே மீன் தன் உடலைக் கல்லிலும் மணலிலும் உரசும்; துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும்; உணவில் நாட்டம் குறையும். செவுள்களில் நோய் பற்றினால் நீரின் மேற்பரப்பில் வந்து திணறி மூச்சு வாங்கும். உடலில் புள்ளியே இல்லாமல், செவுளில் மட்டும் நோய் முற்றி மீன் இறப்பதும் உண்டு.

ஆயினும் வெள்ளையானதெல்லாம் இந்நோயன்று. பஞ்சுபோல் படர்வது பூசணம். பொன்துகள் தூவியதுபோல் மிக நுண்மையாகத் தோன்றுவது வேறோர் ஓரணு உயிரால் வரும் நோய். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள்மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்கதிரிலும் சிறு வெண்முகிழ்கள் ஒழுங்காகத் தோன்றும். அவை நோயல்ல, பருவத்தின் அடையாளம். நம் தாமிரபரணி ஆற்றுக்கே உரிய கெண்டை இனச் சிறுமீன் ஒன்றை மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் 1950-களில் உலகுக்கு அறிவித்தார். ஆற்றின் பெயராலேயே வழங்கும் அம்மீனின் ஆணுக்கும் முகத்தில் இத்தகைய முகிழ்கள் எழும். இதனை அறியாதவர், நலமுள்ள மீனுக்கு மருந்திட்டு அதனைக் கெடுத்துவிடக்கூடும். புள்ளிகள் உடலெங்கும் ஒழுங்கின்றிச் சிதறியிருத்தலும், ஆண் பெண் இரண்டிலும் காணப்படுதலும், நாளுக்கு நாள் மிகுதலுமே நோயின் அடையாளம். மேலும், 1990-களில் நம் கடற்கரை இறால் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. பெயர் ஒன்றாயினும் நோய் வேறு.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். ஒரு மீனில் புள்ளி கண்டால் தொட்டி முழுவதிலும் நோய் உள்ளதெனக் கொண்டு, எல்லா மீன்களையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். நாள்தோறும் அடிமணலிலுள்ள கசட்டைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, அந்த அளவுக்குப் புதுநீர் விட வேண்டும். உறைகளில் பல அதனோடு வெளியேறிவிடும். அடுத்து உப்பு. நம் பக்கத்துத் தூத்துக்குடியில் விளையும் கல்லுப்பே போதும். ஒரு லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிராம் என்னும் கணக்கில், 40 லிட்டர் தொட்டிக்கு 80 முதல் 120 கிராம் உப்பைத் தனியே கரைத்து, ஓரிரு நாட்களில் பல தவணைகளாகச் சேர்க்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே ஆவியான அளவை வெறும் நீரால் நிரப்புக. வெளியேற்றிய நீருக்கு ஈடான உப்பை மட்டுமே மீண்டும் சேர்க்க வேண்டும். கெளுத்தி, அயிரை போன்ற செதிலற்ற அல்லது நுண்செதிலுள்ள மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பை நன்கு தாங்கமாட்டா. அவற்றை வைத்திருப்போர் அளவைக் குறைத்துக்கொள்க.

வெப்பமண்டல மீன்களாயின், வெப்பமூட்டியின் துணையால் நீரைச் சிறுகச் சிறுக 28 முதல் 30 பாகை வரை உயர்த்துவதும் பயன்தரும். வெப்பநீரில் உயிர்வளி குறைவாகக் கரையுமாதலால், காற்றுக் குமிழ்களை மிகுதியாகச் செலுத்த வேண்டும். பொன்மீன் குளிர்நீருக்கு உரியது. அதற்கு இம்முறை ஏற்றதன்று. ஃபார்மலின், மாலக்கைட் பச்சை முதலிய மருந்துகளும் வழக்கில் உள்ளன. அவை மனிதருக்கும் தீங்கு பயக்க வல்லவை. மாணவர்கள் தாமே கையாளலாகாது. உண்ணும் மீனுக்கு மாலக்கைட் பச்சையை எவரும் இடலாகாது.

எம்முறையைக் கையாண்டாலும், இறுதிப் புள்ளி மறைந்த பின்னரும் பல நாட்கள் தொடர வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் மொத்தம் பத்து முதல் பதினான்கு நாட்கள் தொடர்வது நலம். குளிர் மிகுந்தால் காலமும் மிகும்.

வருமுன் காப்பதற்கு வழி எளிது. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஒரு தொட்டியின் வலையை மற்றொன்றில் நனைக்கலாகாது. பயன்படுத்திய பின் வெயிலில் உலர்த்துக. உலர்ந்த இடத்தில் இவ்வுயிர் வாழாது.

இறுதியாக ஒன்று. நோயுற்ற மீனைக் கொல்ல மனமின்றி, அதனையும் தொட்டி நீரையும் அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுவோர் உளர். இரக்கத்தால் செய்வதே ஆயினும், இது பெருந்தீங்காய் முடியக்கூடும். இவ்வுயிர் நன்னீர் மீன் இனங்கள் ஏறக்குறைய அனைத்தையும் பற்ற வல்லது. நாங்குநேரி வட்டத்துக் குளங்களோ தனித்தனியானவை அல்ல. மணிமுத்தாறு அணையின் கால்வாய் வழியே நீர் பெற்று, ஒன்றன் மறுகால் மற்றொன்றை நிரப்பும் குளங்கள் பல. கூந்தன்குளத்தில் ஆண்டுதோறும் வந்து குஞ்சு பொரிக்கும் பறவைகளுக்கும், குளத்து மீனைப் பிடித்து வாழும் மக்களுக்கும் அம்மீன்களே ஆதாரம். ஆகவே பிழைக்காத மீனை மண்ணில் புதைத்துவிடுக; தொட்டி நீரை நீர்நிலைகளுக்குத் தொலைவில், வெயில் காயும் தரையில் ஊற்றுக. ஒரு தொட்டியின் நோய் அத்தொட்டியோடு முடியட்டும்.