வாடகைக்கு விட்ட பத்தி

பத்திரிகைத் தர்மத்தைப் பற்றிப் பேசப் புகுகின்றவர்கள் பெரும்பாலும் தலையங்கத்தையும் செய்தியையும் மனத்திற்கொண்டே பேசுகிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில், கோடு போட்டுப் பிரித்த கட்டத்துக்குள், பணம் கொடுத்தவன் சொன்னபடி அச்சேறுகிற விளம்பரத்தை, திண்ணையில் ஒதுங்கிய வழிப்போக்கனைப் போல, வீட்டுக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். ‘விளம்பரங்களுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் மனச்சாட்சிக்கும் ரசீது கொடுத்தாயிற்று என்பது தொழிலில் உள்ளவர்களின் நெடுநாளைய சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை ஒப்புக்கொள்ள மறுத்து, வாடகைக்கு விட்ட பத்தியும் வீட்டின் பகுதிதான் என்று சாதித்து, அதன் பலனாகச் சிறைப்பட்டு உயிரையும் இழந்த ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் சரித்திரம், சமூகத் தொடர்பு சாதனங்களைக் குறித்துத் திருச்சபை வெளியிட்டிருக்கிற நிருபங்கள் பலவற்றைக் காட்டிலும் எனக்கு அதிகத் தெளிவைத் தந்ததுண்டு.

ஹாலந்து தேசத்தின் வடபகுதியாகிய ஃப்ரீஸ்லாந்தில், போல்ஸ்வர்ட் என்னும் ஊருக்கு அருகே 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று பிறந்து, 1898-இல் கார்மேல் சபையில் சேர்ந்தபோது தகப்பனாரின் பெயரையே துறவறப் பெயராக ஏற்றுக்கொண்டவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா. ரோமாபுரியில் தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1923-இல் தொடங்கிய நெய்மேகன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அதன் ஆரம்பம் முதலே பேராசிரியராயிருந்து, 1932-இல் அதன் தலைமைப் பதவியையும் ஓராண்டு வகித்தவர். ஓஸ் என்ற சிறு நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராயிருந்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஆகவே 1935-இல் கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களுக்கு ஆன்ம ஆலோசகராக அவரை நியமித்தபோது, அச்சு மையின் வாடையே அறியாத ஒரு மடத்துச் சாமியாரைத் தங்கள் தலைமேல் வைத்துவிட்டார்கள் என்று எவரும் முணுமுணுத்திருக்க நியாயமில்லை.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் ஹாலந்தை ஆக்கிரமித்தன. கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து யூதக் குழந்தைகளை வெளியேற்றச் சொன்னபோது இணங்கக் கூடாதென்று வாதாடியவர்களில் பிராண்ட்ஸ்மாவும் ஒருவர். பின்னர் 1941 டிசம்பரில் வந்தது அந்த உத்தரவு: நாஜிகளின் கைப்பிள்ளையாகிய டச்சு தேசிய சோஷலிஸ்டு இயக்கத்தின் விளம்பரங்களை எந்தப் பத்திரிகையும் மறுக்கலாகாது. இதன் தந்திரத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆசிரியர் தம் கையால் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. எவரையும் புகழ வேண்டியதில்லை. இடத்தைக் கொடுத்தாற் போதும். புகழ்ந்து எழுது என்று கட்டளையிட்டால் கொதித்தெழக்கூடிய மனிதனையும், வெறுமனே இடத்தை விடு என்று கேட்டால், ‘அது விளம்பரப் பகுதிக்காரரின் காரியம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்துவிடலாம் என்பதை அந்த உத்தரவை எழுதினவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள்.

உட்ரெக்ட் அதிமேற்றிராணியார் ஜோஹானஸ் தெ யோங்குடன் கலந்து பேசிவிட்டு, டிசம்பர் 31 தேதியிட்டு பிராண்ட்ஸ்மா ஒரு கடிதம் எழுதினார். கத்தோலிக்கப் பத்திரிகை என்ற தன்மையைக் காத்துக்கொள்ள விரும்புகிற எந்தப் பத்திரிகையும், அபராதம் வந்தாலும், பத்திரிகையே மூடப்பட்டாலும், அவ்விளம்பரங்களை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். அதைத் தபாலில் சேர்க்காமல், அறுபது வயதில், நீண்டகால நோயினால் தளர்ந்த உடம்போடு, ஜனவரி மாதத்துக் குளிரில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, ஆசிரியர்களை ஒவ்வொருவராக நேரிற் கண்டு பேசினார். எதிரே உட்கார்ந்தவர்களிடமும் நியாயம் இல்லாமலில்லை. அச்சகத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பஸ்தர்களின் சோற்றை அவர்கள் நினைக்க வேண்டியிருந்தது. அதைவிட, ‘நாம் மூடிவிட்டால் நம் வாசகர் கையில் எதிரியின் பத்திரிகை மட்டுமல்லவா மிஞ்சும்?’ என்ற கேள்வி ஒன்று இருந்தது. அந்த நாற்காலியில் நான் அமர்ந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விளம்பரத்தை அச்சிட்டிருப்பேனோ என்று எனக்கே சந்தேகமுண்டு. பதினான்கு ஆசிரியர்களைக் கண்டு முடித்த நிலையில், 1942 ஜனவரி 19 அன்று நெய்மேகன் மடத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

ஸ்கெவெனிங்கன் சிறையில் விசாரணை செய்த அதிகாரி, டச்சுக்காரர்கள், விசேஷமாகக் கத்தோலிக்கர், இந்த இயக்கத்தை ஏன் வெறுக்கிறார்கள் என்று எழுதித் தரும்படி கேட்க, அவர் ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்தார். பிறகு ஆமர்ஸ்ஃபோர்ட், கிளேவ, ஜூன் மாதத்தில் டாகாவ் முகாம்; ஜூலை 26 அன்று, முகாம் மருத்துவமனையில் விஷ ஊசி. ஊசி போட்ட தாதிப்பெண்ணுக்குத் தம் செபமாலையை அவர் கொடுத்திருந்தார் என்பது, பின்னாளில் மனந்திரும்பிய அப்பெண்ணே திருச்சபை விசாரணையில் சொன்ன சாட்சியத்தால் தெரியவந்தது. 2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

திருச்சபையின் ஏடுகளுக்கு வருவோம். சினிமாவைப் பற்றிப் பதினோராம் பத்திநாதர் 1936-இலேயே நிருபம் எழுதினார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்பு சாதனங்களுக்கென்றே ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதைச் சங்கத் தந்தையரில் 164 பேர் எதிர்த்து வாக்களித்தனர். அதன் மெலிவைப் பார்க்கையில் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 1971-இல் வந்த விரிவான போதனை அக்குறையை ஓரளவு தீர்த்தது. விளம்பரத்திற்கென்று தனி ஏடு வந்தது 1997-இல், பிராண்ட்ஸ்மா இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்ற மூன்றையும் விளம்பரக்காரர் முன் அது அளவுகோலாக வைத்தது.

உபதேசம் செய்த இடத்திலும் அந்த அளவுகோல் பாயத்தான் செய்தது. குருக்கள் சிலர் சிறுவருக்கு இழைத்த கொடுமைகளை மேலிடத்தார் மூடி மறைத்ததை 2002-இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று தொடர்ந்து எழுதியபோது, திருச்சபைக்கு விரோதமான பிரசாரம் என்று அதைத் தள்ளியவர்கள் சபைக்குள் இருந்தார்கள். சபையில் உள்ள தவறுகளை வெளியே சொன்னதற்காகவும், பாதிக்கப்பட்டோருக்குக் குரல் கொடுத்ததற்காகவும் பத்திரிகையாளர்களுக்கு ஒரு பாப்பரசர் பகிரங்கமாக நன்றி கூற 2021 நவம்பர் வரை ஆயிற்று. தாமதந்தான், ஆயினும் சொன்னார்.

பிராண்ட்ஸ்மாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவர் தட்ட வேண்டிய கதவுகள் இன்னவை என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும், சரி என்றோ முடியாது என்றோ சொல்லக்கூடிய ஒரு மனிதர் இருந்தார். இப்போதோ, வாசகன் பக்கத்தைத் திறக்கும் கண்ணிமைப் பொழுதில், எங்கோ இருக்கும் இயந்திரங்கள் ஏலம் கூறி எடுத்துக்கொள்ளும் இடமாக விளம்பரப் பத்தி ஆகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன், சூதாட்டச் செயலிகளால் குடும்பங்கள் சீரழிவதைப் பற்றி உருக்கமாகத் தலையங்கம் எழுதியிருந்த நண்பர் ஒருவரிடம், அதை நான் கைப்பேசியில் வாசித்தபோது மூன்றாம் பத்திக்குக் கீழே பணம் கட்டி ரம்மி ஆடக் கூப்பிட்டார்களே என்றேன். அவர் பதறிப்போய்த் தம் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தார். அவருக்கு அங்கே பட்டுப் புடவைக் கடை தெரிந்தது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரம்மியை உள்ளே விட்டது யார் என்று அவருக்கும் தெரியவில்லை; கூப்பிட்டுக் கேட்டதில், விளம்பரப் பகுதிக்காரருக்கும் தெரியவில்லை.